சாவிக்கு மூலம் கேட்க வேண்டும்

தகவலைப் பூட்டி வைக்கும் எந்த நிரலைத் திறந்தாலும் சாவி நுழையும் இடத்தில் ஒரு வரி இருக்கும். நீளம் 32 பைட்டா? ஆம் என்றால் உள்ளே விடு, இல்லையென்றால் பிழை காட்டு. இந்த ஒற்றை வரிக்குத்தான் ‘கீ வேலிடேஷன்’ என்று பெயர். எழுதியவர் சாவியைச் சரிபார்த்துவிட்ட நிம்மதியில் அடுத்த வேலைக்குப் போவார். மேற்பார்வை பார்ப்பவரும் தலையாட்டுவார். ஆனால் அந்த வரி பார்த்தது சாவியை அல்ல, சாவி வந்த டப்பாவின் அளவை.

பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி பயன்படும் முறையைப் பற்றிப் பேசுகிறேன். வாட்ஸ்அப் செய்தி, வங்கியின் இணையப் பக்கம், ஏடிஎம்மில் தட்டும் ரகசிய எண், மடிக்கணினியின் வட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் இந்த ஒற்றைச் சாவிதான் வேலை செய்கிறது. பொதுச் சாவி, தனிச் சாவி என்று ஜோடியாக வருபவை பெரும்பாலும் தொடக்கத்தில் அறிமுகம் செய்துவைத்துவிட்டு ஒதுங்கிவிடும். சரக்கைத் தூக்குவது ஒற்றைச் சாவி. அதற்கு இன்று உலகம் அதிகம் நம்புவது ஏஇஎஸ். பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் இருவரும் வடிவமைத்ததை 2001 நவம்பரில் அமெரிக்க அரசு தரநிலையாக அறிவித்தது. சாவியின் நீளம் 16, 24, 32 பைட் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் நிபந்தனை. உள்ளே என்ன இருக்கிறது என்று அது கேட்பதில்லை. முப்பத்திரண்டு பூஜ்யங்களைக் கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு பூட்டித் தரும். அப்படிப் பூட்டியதைப் பார்த்தால் நல்ல சாவியால் பூட்டியதற்கும் அதற்கும் இம்மியளவு வித்தியாசம் தெரியாது.

இதற்கு முந்தைய தலைமுறையில் நிலைமை வேறு. 1977இல் தரநிலையான டிஇஎஸ் முறையின் சாவிக்கு ஓர் உடலமைப்பு இருந்தது. மொத்தம் 8 பைட், அதாவது 64 பிட். ஒவ்வொரு பைட்டிலும் ஏழு பிட்தான் சாவி, எட்டாவது பிட் காவல். அந்த எட்டு பிட்டில் இருக்கும் ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வரும்படி அதை அமைக்க வேண்டும். கடத்தும் வழியில் ஒரு பிட் புரண்டாலும் கண்டுபிடித்துவிடலாம். போக, சாவிகளில் நான்கு பலவீனமானவை என்று பட்டியல் போட்டிருந்தார்கள். அவற்றால் இருமுறை பூட்டினால் மூலத் தகவலே திரும்ப வந்துவிடும். அரைப் பலவீனம் என்று இன்னும் பன்னிரண்டு. ஆகவே ஒரு டிஇஎஸ் சாவியைக் கையில் வாங்கிப் பார்த்து, இது சரி, இது தவறு என்று சொல்ல நிரலுக்குக் கொஞ்சமாவது விஷயம் இருந்தது. ஜாவா மொழியில் அதற்கென்றே செயற்கூறுகள் இன்னும் இருக்கின்றன.

அந்தச் சோதனைகளால் டிஇஎஸ் பிழைத்ததா என்றால் இல்லை. 56 பிட் போதாது என்று குறியாக்க ஆய்வாளர்களான டிஃபி, ஹெல்மன் இருவரும் ஆரம்பத்திலேயே குரல் கொடுத்தார்கள். 1998இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் ஒரு இயந்திரம் கட்டி, 56 மணி நேரத்தில் சாவியைக் கண்டுபிடித்துக் காட்டியது. காவல் பிட் எல்லாம் ஒழுங்காக இருந்த, பலவீனப் பட்டியலில் இல்லாத சாவிகளும் அந்த இயந்திரத்தின் முன் ஒன்றுதான்.

ஏஇஎஸ் வந்தபோது காவல் பிட்டும் போயிற்று, பலவீனப் பட்டியலும் போயிற்று. எல்லா மதிப்பும் செல்லும். கணிதமாகப் பார்த்தால் இது பெரிய வெற்றி. ஆனால் நிரல் எழுதுபவரின் கையில் இருந்த கடைசிக் கேள்வியும் அதோடு பறிபோயிற்று. நீளத்தைத் தவிர கேட்க ஒன்றுமில்லை.

அந்த நீளமாவது நேர்மையாகக் கேட்கப்படுகிறதா? சாவி என்பது நினைவகத்தில் வெறும் பைட் வரிசை. அதை ஒரு கோப்பில் எழுதி வைக்கவோ மின்னஞ்சலில் அனுப்பவோ எழுத்தாக்க வேண்டும். பதினாறடிமான முறையில் எழுதினால் 32 பைட் சாவி 64 எழுத்தாக விரியும். பேஸ்64 முறையில் 44 எழுத்து. இந்த இரண்டு உருவங்களுக்கும் உண்மையான சாவிக்கும் நடுவில் நடக்கும் குழப்பத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

சாவியின் ஒரு பைட்டின் மதிப்பு 127 என்று வைத்துக்கொள்வோம். பதினாறடிமானத்தில் அது ‘7எஃப்’. 7 ஓர் எழுத்து, எஃப் ஓர் எழுத்து. கோப்பிலிருந்து இதைப் படிப்பவர் மறுபடி 127 ஆக மாற்றிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். மாற்ற மறந்து எழுத்துகளையே சாவியாகக் கொடுத்தால், 7 என்ற எழுத்தின் குறியெண் 55, சிறிய எஃப் என்ற எழுத்தின் குறியெண் 102 என்று இரண்டு பைட் உள்ளே போகும். ஒருவர் 16 பைட் சாவியை உருவாக்கி 32 எழுத்தாக எழுதி வைத்தார், இன்னொருவர் அந்த 32 எழுத்தை அப்படியே 32 பைட் என்று எடுத்துக்கொண்டார் என்றால் நீளச் சோதனை சிரித்துக்கொண்டே வழிவிடும். பெயர்ப்பலகையில் 256 பிட் என்று எழுதியிருக்கும், உள்ளே இருப்பது 128 பிட்டின் வலிமைதான். ஒவ்வொரு பைட்டும் 256 மதிப்புகளில் ஒன்றாக இருக்க வேண்டிய இடத்தில் பதினாறில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். 128 பிட்டே இன்றைக்குப் போதும் என்பதால் இதில் யாரும் உடனே மாட்டிக்கொள்வதில்லை. அதே ஆள் எட்டு பைட் சாவியிலோ, மனிதர் யோசித்து எழுதிய 32 எழுத்து வாக்கியத்திலோ இதைச் செய்தால் கதை வேறு.

நூலகங்களின் பெருந்தன்மை இதைவிட ஆபத்து. பிஎச்பி மொழியில் ஓபன்எஸ்எஸ்எல் வழியாகப் பூட்டும் செயற்கூறு, சாவி குட்டையாக இருந்தால் சத்தமில்லாமல் பூஜ்யங்களை ஒட்டி நிரப்பிக்கொள்ளும். நீளமாக இருந்தால் சத்தமில்லாமல் வெட்டிவிடும். கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள், ஒளிவுமறைவு கிடையாது. ஆனால் சாவியைத் தரவேண்டிய ‘சூழல் மாறி’ (என்விரான்மென்ட் வேரியபிள்) இல்லாமல் போய், வெற்றுச் சரம் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முழுக்க முழுக்கப் பூஜ்யம். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் பழைய வழக்கம் இன்னொரு விதம். எவ்வளவு நீளச் சாவி கொடுத்தாலும் பதினாறு பதினாறு பைட்டாக மடித்து, ஒன்றின்மேல் ஒன்றை எக்ஸ்ஆர் செய்து (இரு பிட்டும் ஒன்றேயானால் 0, வேறானால் 1) ஒரே சாவியாக்கும். நீளம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைத்து ஒரே பதினாறு எழுத்தை இருமுறை ஒட்டிக் கொடுப்பவர் இருந்தால், அவருக்கு மிஞ்சுவது பூஜ்யம்தான். ஒன்றோடு அதையே எக்ஸ்ஆர் செய்தால் வேறென்ன வரும்?

தடுக்கி விழுந்தவரைத் தாங்கிப் பிடிக்கும் நூலகத்தை நல்ல நூலகம் என்று நம் தொழிலில் கொண்டாடுகிறோம். சாவி விஷயத்தில் தாங்கிப் பிடிக்காத நூலகமே நல்லது. கோ மொழியில் 17 பைட் கொடுத்தால் நீளம் தவறு என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி நிறுத்திவிடும். எனக்கு அந்தக் கறார்தான் பிடித்திருக்கிறது.

பூஜ்யச் சாவியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். இது ஏதோ கற்பனைப் பயம் இல்லை. மூன்று ஆண்டுக்குள் மூன்று முறை, மூன்று வெவ்வேறு இடங்களில் அது உலகத்தின் முன் வந்து நின்றது.

முதலாவது 2017 அக்டோபரில். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் மாத்தி வான்ஹூஃப் வெளியிட்ட ‘கிராக்’ தாக்குதல். கைப்பேசி வைஃபையில் இணையும்போது கைப்பேசிக்கும் ரௌட்டருக்கும் இடையே நான்கு செய்திகள் போய் வரும். மூன்றாவது செய்தி வந்ததும் கைப்பேசி புதுச் சாவியைப் பொருத்திக்கொண்டு, நான்காவதாகச் சம்மதம் சொல்லும். அந்தச் சம்மதம் காற்றில் தொலைந்துபோனால் ரௌட்டர் மூன்றாவதை மறுபடி அனுப்பும். கைப்பேசி மறுபடி சாவியைப் பொருத்தும். தாக்குபவர் நடுவில் நின்று நான்காவது செய்தியை வேண்டுமென்றே மறித்தால், இந்த மறுபொருத்தத்தைத் தன் விருப்பப்படி நடத்திவைக்கலாம். பல கருவிகளில் இதனால், ஒரே சாவியோடு மறுபடி வரவே கூடாத செய்தி எண் வரிசை மட்டும் முதலிலிருந்து தொடங்கியது, அதுவே போதுமான ஆபத்து. லினக்ஸிலும் ஆண்ட்ராய்டு 6.0இலும் இருந்த மென்பொருளில் நடந்தது விசித்திரம். அது சாவியை முதல்முறை பொருத்தியவுடன், பாதுகாப்பு கருதி, தன் நினைவகத்திலிருந்து அதை அழித்துவிடும். அழிப்பது என்றால் அந்த இடத்தில் பூஜ்யங்களை எழுதுவது. மூன்றாவது செய்தி மறுபடி வந்ததும் அதே இடத்தில் கைவிட்டு, அங்கே இருந்ததை எடுத்துச் சாவியாகப் பொருத்திற்று. பதினாறு பூஜ்யம். நீளம் சரி, திரையில் பூட்டுப் படம் சரி, இணைப்பும் சரி. பக்கத்தில் இருந்தவர் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இதில் தப்புச் செய்தவர் யார்? பயன்படுத்திய சாவியை நினைவகத்தில் விட்டுவைக்காதே என்பது இந்தத் துறையின் பாலபாடம். வைஃபை தரநிலையிலேயே அப்படி ஒரு குறிப்பு இருந்தது. எழுதியவர் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டார். ஒழுங்கே ஓட்டையாயிற்று.

இரண்டாவது, கணினிப் பாதுகாப்பு நிறுவனமான ஈசெட்டினர் 2020 பிப்ரவரியில் வெளியிட்ட ‘க்ரூக்’. பிராட்காம், சைப்ரஸ் நிறுவனங்களின் வைஃபை சில்லுகளில், இணைப்பு துண்டானதும் சாவி பூஜ்யமாக்கப்படும். அதுவும் நல்ல பழக்கமே. ஆனால் அனுப்பக் காத்திருந்த கொஞ்சம் தரவு இடையகத்தில் மிச்சமிருந்தது. சில்லு அதை வீணாக்காமல் பூஜ்யச் சாவியில் பூட்டிக் காற்றில் விட்டது. நூறு கோடிக்கும் மேற்பட்ட கருவிகளில் அந்தச் சில்லுகள் இருந்ததாகக் கணக்கிட்டார்கள்.

மூன்றாவது அதே 2020 ஜூனில். க்னூடிஎல்எஸ் நூலகத்தில், திரும்பி வரும் பயனரை அடையாளம் காணத் தரும் சீட்டைப் பூட்டும் சாவி, முதல் சுழற்சி வரும்வரை பூஜ்யமாகவே கிடந்தது. 2018இல் வந்த 3.6.4 பதிப்பிலிருந்து 3.6.14 வரும்வரை யார் கண்ணிலும் படவில்லை. படாததில் ஆச்சரியமில்லை. பூட்டிய சீட்டு திறந்தது, பயனர் திரும்பி வந்தார், சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின.

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். ‘சாவி இல்லை’ என்பதைச் சொல்ல அங்கே வேறு வழி இல்லை. பைட் வரிசைக்குள் எல்லா மதிப்பும் செல்லும் என்றால், ‘இங்கே ஒன்றுமில்லை’ என்ற செய்திக்கு அந்த வரிசைக்குள் இடமே கிடையாது. பூஜ்யத்தை எழுதியவர் ‘இல்லை’ என்ற பொருளில் எழுதுகிறார். படிப்பவர் ‘இதுதான் சாவி’ என்ற பொருளில் படிக்கிறார். இருவரும் அவரவர் அளவில் சரி. இல்லாமையைச் சாவியின் உடம்புக்குள் எழுதக் கூடாது, வெளியேதான் குறிக்க வேண்டும் என்பதை நிரல் மொழிகளின் வகை அமைப்பு எப்போதோ சொல்லிவிட்டது. சாவி உண்டு, சாவி இல்லை என்று இரண்டு தனி நிலைகளாக வைத்து, இல்லாத நிலையில் பூட்டும் செயலை அழைக்கவே முடியாதபடி செய்யலாம். செலவு சில வரிகள்.

சரி, எல்லாம் பூஜ்யமாக இருந்தால் மறு என்று ஒரு வரி சேர்த்துவிடலாமே? சேர்க்கலாம். முறையாக உருவான 256 பிட் சாவி தற்செயலாகப் பூஜ்யமாக அமைய இந்தப் பிரபஞ்சத்தின் ஆயுள் போதாது. ஆகவே பூஜ்யம் வந்தால் ஏதோ கோளாறு என்று அடித்துச் சொல்லலாம். ஆனால் அந்த வரியை எழுதியதும் அடுத்த கேள்வி காத்திருக்கும். எல்லாம் ஒன்றாக இருந்தால்? 0, 1, 2, 3 என்று வரிசையாக வந்தால்? ஜிக்பீ கருவிகளின் பொதுச் சாவி வந்தால்? வீட்டு விளக்குகளையும் உணரிகளையும் இணைக்கும் ஜிக்பீ முறையில், கருவி முதன்முதல் சேரும்போது பயன்பட்ட இயல்புச் சாவி ‘ஜிக்பீஅலையன்ஸ்09’. ஆங்கிலத்தில் எழுதினால் அச்சுப் பிசகாமல் பதினாறு எழுத்து, 128 பிட். யாரோ எழுத்தை எண்ணி எண்ணி உட்கார்ந்து அமைத்திருக்கிறார்கள்.

ஏஇஎஸ் தரநிலை ஆவணத்தில் உதாரணத்துக்காக ஒரு சாவி அச்சிட்டிருக்கிறார்கள். ‘2பி 7இ 15 16’ என்று தொடங்கும். எந்தத் தற்செயல் சோதனையிலும் குறை சொல்ல முடியாத முகம் அதற்கு. ஹூண்டாய் ஐயோனிக் காரின் உரிமையாளர் ஒருவர், வண்டியின் திரைக் கணினிக்கான மென்பொருள் கோப்பு எந்தச் சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது என்று தேடிப் போனார். கையில் சிக்கிய சாவியை இணையத்தில் தட்டிப் பார்த்தால் பாடப்புத்தக உதாரணமேதான். 2022இல் அவர் அதை எழுதியபோது சிரிக்காதவர் இல்லை. 2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் சொன்னது அவ்வளவு சிரிப்பாக இல்லை. ஏஎஸ்பி.நெட் தளங்களைக் காக்க வேண்டிய இயந்திரச் சாவிகளில், ஆவணங்களிலும் பொது நிரல் களஞ்சியங்களிலும் பகிரங்கமாகக் கிடக்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை அவர்கள் கண்டறிந்திருந்தார்கள். நிரலாளர்கள் உதாரணத்தை நகலெடுத்து அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அப்படி ஒரு சாவியை வைத்து ஒரு சர்வருக்குள் தீய நிரல் நுழைக்கப்பட்டதையும் பார்த்திருந்தார்கள்.

இந்தச் சாவிகளின் உடம்பில் என்ன குறை? ஒன்றுமில்லை. அச்சாகும் நிமிடம்வரை அவை நல்ல சாவிகள். அச்சானதும் கெட்டுப்போயின. ஆனால் ஒரு பிட்கூட மாறவில்லை.

பட்டியல் போட்டு மறுப்பது ஒருபுறம் இருக்கட்டும், தற்செயல்தன்மையை அளந்து பார்த்துச் சாவியை ஏற்கலாம் என்று சிலர் சொல்வார்கள். புள்ளியியல் சோதனைகள் இருக்கின்றன. அமெரிக்கத் தரநிலை ஒன்று முன்பு 20,000 பிட் எடுத்து ஒன்றும் பூஜ்யமும் சமமாக வருகின்றனவா என்று எண்ணச் சொன்னது. சாவியோ 256 பிட். அவ்வளவு குட்டையான ஒன்றை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தாலும் பயனில்லை. 1995இல் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் இருவரும் நெட்ஸ்கேப் உலாவி தன் சாவியை எதிலிருந்து செய்கிறது என்று நோண்டிப் பார்த்தார்கள். கடிகார நேரம், நிரலின் செயல் எண், அதைத் தொடங்கிய தாய் நிரலின் செயல் எண், இந்த மூன்றுதான் மூலப்பொருள். அவற்றைக் கலக்கி அரைத்தபின் வந்த சாவி பார்க்க அப்பழுக்கற்றதாக இருக்கும். நேரத்தை ஓரளவு ஊகிக்க முடிந்தவருக்கு அது திறந்த கதவு. 2006இல் டெபியன் லினக்ஸில், ஒரு பிழைதேடும் கருவி எச்சரிக்கிறதே என்று தற்செயல் எண் ஊற்றுக்குப் போகும் வரிகளை நீக்கிவிட்டார்கள். மிஞ்சிய ஊற்று செயல் எண் மட்டும். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடிக்கும்வரை, ஒரு வகைக் கணினியில் ஒரு வகைச் சாவி எத்தனை லட்சம் பேர் உருவாக்கினாலும் 32,767 சாவிகளுக்குள்தான் சுற்றி வந்தது. அவை பெரும்பாலும் ஜோடிச் சாவிகள், ஆனால் ஊற்று எல்லாருக்கும் பொது. அந்தச் சாவிகளில் ஒன்றை எந்த நிபுணரிடம் கொடுத்தாலும் உருவத்தில் குறை காண மாட்டார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம்மால் அளக்க முடியாத தற்செயலைத் திருடன் அடையாளமாகப் பயன்படுத்துகிறான். நினைவகத்தில் இருக்கும் நிரல், எழுத்து, படம் எல்லாவற்றிலும் ஏதோ ஒழுங்கு இருக்கும். எந்த ஒழுங்கும் இல்லாத துண்டு பளிச்சென்று தனியாகத் தெரியும். இப்படிச் சாவியைத் தேடிப் பிடிக்கலாம் என்று அடி ஷமீரும் நிக்கோ வான் சோமரெனும் 1999இலேயே எழுதினார்கள். 2008இல் பிரின்ஸ்டன் குழுவினர், மின்சாரம் நிறுத்திய பிறகும் சற்று நேரம் தங்கும் நினைவகத்தைக் குளிரவைத்துப் படித்து, ஏஇஎஸ் சாவி தனக்குள் விரிந்து கிடக்கும் அமைப்பைக் கொண்டே அதைக் கண்டெடுத்தார்கள். சாவி எங்கே என்று உருவம் காட்டிக்கொடுத்துவிடும். சாவி நல்லதா என்று அது சொல்லாது.

ரிஷி மூலம், நதி மூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். ரிஷியின் பெருமை அவர் பிறப்பில் இல்லை, நதியின் பயன் அதன் ஊற்றில் இல்லை என்பது அதன் பொருள். சாவியோ நேர் எதிர். அதன் மதிப்பு முழுவதும் மூலத்தில்தான் இருக்கிறது. எந்த ஊற்றிலிருந்து பிறந்தது, பிறந்தபின் யார் யார் கண்டார்கள், எந்த வேலைக்காக வைத்தார்கள் என்ற மூன்று செய்திகளை நீக்கிவிட்டால் மிஞ்சுவது 32 எண்கள். அவற்றில் நல்லது கெட்டது என்று எதுவும் இல்லை. நாம் சாவி என்று சொல்வது அந்த எண்களை அல்ல, அவற்றின் வரலாற்றை. நம் நிரல்கள் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு வரலாற்றைக் கீழே போட்டுவிடுகின்றன. பிறகு எண்களிடம் போய், நீ நல்ல சாவியா என்று விசாரிக்கின்றன.

மூன்றாவது செய்தியான ‘எந்த வேலைக்கு’ என்பது தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015இல் டிம் மக்லீன் காட்டிய சான்று போதும். ஜேடபிள்யூடி எனப்படும் அடையாளச் சீட்டுகளைச் சரிபார்க்கும் பல நூலகங்கள், சீட்டையும் சாவியையும் கொடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றன. எந்த முறையில் சரிபார்ப்பது என்பதைச் சீட்டே சொல்லும். சர்வர் கொடுத்தது ஊரறிந்த பொதுச் சாவி. தாக்குபவர் அதே பொதுச் சாவியை ரகசியச் சாவியாக வைத்து ஒற்றைச் சாவி முறையில் முத்திரையிட்டு, சீட்டின் தலைப்பிலும் அப்படியே எழுதி அனுப்பினார். நூலகத்துக்குச் சாவி என்பது பைட்தானே? பொது எது, ரகசியம் எது என்ற பேதம் அதற்குத் தெரியவில்லை. சரி என்றது.

இதை வங்கிக்காரர்கள் நம்மைவிட முன்பே உணர்ந்திருந்தார்கள் என்பது என் எண்ணம். ஏடிஎம் வலையமைப்பின் தலைமைச் சாவியை இயந்திரத்தில் ஏற்றும் நாளை ஒரு சடங்காகவே நடத்துவார்கள். சாவி மூன்று துண்டாக மூன்று பேரிடம் இருக்கும். ஒருவர் துண்டை மற்றவர் பார்க்கக் கூடாது. ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து, உறையைப் பிரித்து, தன் துண்டைத் தட்டிவிட்டுப் போவார். மூன்றையும் எக்ஸ்ஆர் செய்து முழுச் சாவியை உருவாக்குவது, உடைத்தால் தன்னையே அழித்துக்கொள்ளும் பெட்டிக்குள் இருக்கும் இயந்திரம். இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்தாலும் மூன்றாவது துண்டு இல்லாமல் சாவியைப் பற்றி ஒரு பிட்கூடத் தெரியாது. கடைசியில் இயந்திரம் பூஜ்யங்களாலான ஒரு துண்டை அந்தச் சாவியால் பூட்டி, வரும் விடையின் முதல் மூன்று பைட்டை, அதாவது ஆறு எழுத்தை, திரையில் காட்டும். காகிதத்தில் எழுதியிருக்கும் ஆறெழுத்தோடு அது பொருந்தினால் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள்.

அந்த ஆறெழுத்து எதை நிரூபிக்கிறது? தட்டியதில் பிழை இல்லை என்பதை மட்டும். சாவி வலிமையானது என்றோ ரகசியமாக இருக்கிறது என்றோ அது வாயைத் திறப்பதில்லை. அவற்றுக்குச் சாட்சி அங்கே இருந்த மனிதர்கள், முத்திரையிட்ட உறைகள், பூட்டிய அறை, பதிவேடு. சோதனை சொல்லக்கூடியதைச் சோதனையிடமும், சாட்சி சொல்லக்கூடியதைச் சாட்சியிடமும் கேட்கிறார்கள். பின்னாளில் வந்த ‘கீ பிளாக்’ முறை இன்னும் ஒரு படி போயிற்று. சாவியைத் தனியாக அனுப்பாமல், இது ரகசிய எண்ணைப் பூட்ட மட்டும், இன்ன முறைக்கு மட்டும், வெளியே எடுக்கலாம் அல்லது கூடாது என்ற விவரங்களோடு சேர்த்துக் கட்டி முத்திரையிட்டு அனுப்புவது. விவரத்தில் கை வைத்தால் முத்திரை உடையும்.

நிரலில் இதையே செய்யலாம், பலர் செய்கிறார்கள். பைட் வரிசையை ஊர்சுற்ற விடாமல், சாவி என்றொரு வகையை உருவாக்கி, உள்ளே நுழைய இரண்டு மூன்று வாசல் மட்டும் வைப்பது. இயங்குதளத்தின் தற்செயல் ஊற்றிலிருந்து புதிதாகப் பிறப்பது ஒரு வாசல். இன்னொரு சாவியால் பூட்டி வந்ததைத் திறப்பது ஒரு வாசல். கடவுச்சொல்லிலிருந்து வருவதென்றால், ஊகிப்பவரைத் திணறடிக்கும் முறைப்படி வடித்தெடுப்பது மூன்றாவது. வெறும் சரத்திலிருந்து நேராக வர வாசலே கிடையாது. அச்சிடச் சொன்னால் மதிப்பைக் காட்டாது, ஒப்பிடச் சொன்னால் எந்த இடத்தில் வேறுபட்டது என்பதை நேரத்தால் காட்டிக்கொடுக்காது, இந்த முறைக்கான சாவியை அந்த முறைக்குக் கொடுத்தால் நிரல் தொகுக்கவே தொகுக்காது. கூகுளின் டிங்க் நூலகம் ஏறக்குறைய இந்த வழியில்தான் போகிறது. ஜாவாவின் சீக்ரெட்கீஸ்பெக் எதிர்த்திசை. கொடுத்த பைட்டுகளை நான் சோதிப்பதில்லை என்று அதன் ஆவணத்திலேயே சொல்லிவிடுகிறது. சோதிக்காததை ஒப்புக்கொள்ளும் அந்த வாக்கியத்தை, நீளத்தைப் பார்த்துவிட்டுச் சரிபார்த்தேன் என்று எழுதும் நிரல்களைவிட நான் அதிகம் மதிக்கிறேன்.

நீளச் சோதனை வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பூஜ்யத்தை மறுக்கும் வரியும் இருக்கட்டும். எக்ஸ்டிஎஸ் என்ற வட்டுப் பூட்டு முறையில் இரண்டு பாதிச் சாவிகளும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று சோதிப்பதும் அவசியம். இவை கோளாறைப் பிடிக்கும். ‘இது சாவி அல்ல’ என்று சொல்ல அவற்றால் முடியும். ‘இது நல்ல சாவி’ என்று எந்தச் சோதனையும் என்றைக்கும் சொல்லப்போவதில்லை.

சொல்ல முடியாததற்குக் காரணம் நம் சோதனைகளின் போதாமை அல்ல. ரகசியம் என்பது பொருளின் குணம் அல்ல, அது பொருளைச் சுற்றி இருப்பவர்கள் அறிந்ததும் அறியாததும் பற்றிய விஷயம். ஒருவர் உங்கள் சாவியைத் திரையில் பார்த்துக் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டால், சர்வரில் ஒரு மின்னணுகூட நகராது. எந்தப் பதிவிலும் எதுவும் ஏறாது. சாவி நேற்றுப் போலவே பூட்டும், நேற்றுப் போலவே திறக்கும். அதனால்தான் சாவிகளுக்குப் பயன்பாட்டுக் காலம் என்று ஒன்றை வகுத்து, கெட்டுப்போனதற்கு எந்த அடையாளமும் இல்லாத சாவியையும் மாற்றச் சொல்கிறார்கள். தேய்ந்துபோவது எண்கள் அல்ல. யாரும் பார்க்கவில்லை என்று நாம் சொல்லும் சொல் நாளாக ஆக வலுவிழக்கிறது. ஆள் மாறுகிறார்கள், காப்பு நகல்கள் பெருகுகின்றன, பழைய மடிக்கணினி யாரிடமோ போகிறது. சாவியை உருவாக்கியபோது உடனிருந்தவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விடுகிறார். அவர் நினைவோடு அந்தச் சாவியின் நற்சான்றும் போய்விடுகிறது.

இதைப் படிப்பவர்களில் நிரல் எழுதுபவர் இருந்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் சர்வரின் அமைப்புக் கோப்பில் இருக்கும் சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்தக் கட்டளையால், எந்தக் கணினியில், யாரால் பிறந்தது, அதன்பின் எந்தெந்த மின்னஞ்சலிலும் அரட்டைக் குழுவிலும் பயணம் செய்தது என்று குழுவில் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஆளில்லை என்றால் அது 32 பைட்டாக இருப்பதில் பயனில்லை, புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். பழையதை மட்டும் அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். பழைய சாவியால் பூட்டிய தரவு முழுவதையும் திறந்து புதுச் சாவிக்கு மாற்றி முடித்து, ஒருமுறை படித்தும் பார்த்துவிட்ட பிறகு அழியுங்கள்.